நோட்டு வரிசை

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கள்ளக்குறிச்சியில் என்னைவிட விஷயம் தெரிந்தவர் யாரும் கிடையாது என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சென்னையில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, வா என்று வீட்டில் கூப்பிட்டதால் திரும்பி வந்தேன். பேச்சு பேச்சோடு நின்றுபோனது. பெண்ணுக்கு வாய் நீளம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். இரும்புக் கடை வைத்திருந்த என் அத்தா, பெற்ற தகப்பன், அதை மறுக்கக்கூட இல்லை.

“அவங்க சொன்னதுல இன்னா தப்பு? ஒனக்கு வாய் ஜாஸ்தி, காது கம்மி” என்றார்.

மாவட்டம் பிரிந்த புதிது அது. ஊர் முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. டீக்கடை முதல் லாட்ஜ் வரை எல்லோருக்கும் ஒரே நாளில் தலைநகரக் களை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் மாடியை வாடகைக்கு எடுத்து, மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பீரோவும் வாங்கிப் போட்டு, ‘தரவு மாற்று மையம்’ என்று போர்டு மாட்டினார். அவர்தான் என் முதலாளி. தரவு என்றால் என்ன, அதை எதற்கு மாற்றுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், “பழசக் குடுத்தா புதுசாக்கிக் குடுப்போம்” என்பார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்.

உண்மையில் வேலை இதுதான். ஒருவர் ஒரு விதமாகச் சேர்த்து வைத்த தகவலை, இன்னொருவரின் கம்ப்யூட்டர் படிக்கிற விதமாக மாற்றிக் கொடுப்பது. எங்களிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்.எம்.எல். ஃபைல்கள். டப்பாவுக்குள் டப்பாவாக எவர்சில்வர் சாமான் அடுக்கி வைப்பது போன்ற வடிவம் அது. பெரிய டப்பா ஒரு ஆள். அதற்குள் பெயர் ஒரு டப்பா, வயது ஒரு டப்பா, ஊர் ஒரு டப்பா. ஒவ்வொன்றுக்கும் திறக்கிற இடத்தில் ஒரு லேபிள், மூடுகிற இடத்தில் அதே லேபிள். திறந்ததை மூடாவிட்டால் ஃபைல் மொத்தமும் படுத்துவிடும். இவ்வளவுதான். ஆனால் நான் இதை யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. புரியாத மாதிரி சொன்னால்தான் மரியாதை என்று சென்னையில் கற்றுக்கொண்டு வந்திருந்தேன்.

என்னைத் தவிர அங்கே இருந்தவர் ஒரு டைப்பிஸ்ட் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்தாவது, அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர். கோர்ட் வாசலில் குடை நிழலில் உட்கார்ந்து இருபது வருடம் மனு அடித்துக் கொடுத்தவர். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். கண் நோட்டில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிழை விழாது. ஆனால் நோட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் அப்படியே விழும். மனு கொடுக்க வந்தவன் சொன்னதில் டைப்பிஸ்ட் கை வைக்கக் கூடாது என்பது கோர்ட் வாசல் சட்டமாம்.

“நோட்டுல இன்னா இருக்குதோ அதான் பாப்பா. நம்ம மூளைய அதுல கலக்கக் கூடாது.”

கலக்குவதற்கு எங்கே இருக்கிறது என்று அன்று மனதுக்குள் சிரித்தேன்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை ஓர் அறக்கட்டளையுடையது. கல்வராயன் மலையில் பன்னிரண்டாவது முடித்த பெண்பிள்ளைகளை நர்ஸிங் படிக்க வைப்பது, படிப்பும் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்று அவர்கள் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். மலைப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்த சீட்டு. அதே அறக்கட்டளை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தவும் கணக்கெடுத்திருந்தது. மலைக்கு ஏழு நீளநோட்டு, மூங்கில்துறைப்பட்டுக்கு நாலு; படிப்பு, மார்க் வரை எல்லா நோட்டிலும் ஒரே கட்டங்கள். பதினோரு நோட்டையும் ஒரு உரச் சாக்கில் கட்டி எங்கள் மாடியில் கொண்டுவந்து போட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் அடிப்பார், ஃபைல் எக்ஸ்.எம்.எல். ஆகச் சேரும். அதை நான் சென்னையில் இருந்த ஒரு கம்பெனியின் இணையதளத்துக்கு ஏற்றபடி ஒரே நீளப் பட்டியலாக மாற்றி ஏற்ற வேண்டும். மலை ஊரா, பன்னிரண்டாவது முடித்திருக்கிறதா, மார்க் எவ்வளவு என்று இணையதளமே பார்த்து சீட்டுக்குப் பெயர் எடுத்துவிடும்.

அந்தச் சென்னைக் கம்பெனியில் ஒரு இன்ஜினீயர் இருந்தான். எது கேட்டாலும் அவனிடமிருந்து ஒரே பதில்தான் வரும். “ஸ்கீமா மேட்ச் ஆகல, செக் பண்ணுங்க.” என்ன மேட்ச் ஆகவில்லை, எந்த வரியில் என்று கேட்டால், “அதான் சொன்னேனே, ஸ்கீமா” என்பான். எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்கிற அமைப்புக்குத்தான் அந்தப் பெயர். கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிறவருக்குக்கூட எந்தத் தேங்காய் அழுகல் என்று சொல்லத் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது.

நோட்டுகளைச் சொல்ல வேண்டும். கணக்கெடுக்கப் போன ஆட்கள் எழுதியவை. வயது என்ற கட்டத்தில் ‘இருபது இருக்கும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் ‘சொல்லவில்லை, பார்த்தால் நாற்பது’ என்று எழுதியிருந்தார். எக்ஸ்.எம்.எல்.லுக்குள் & என்கிற ‘அண்ட்’ குறி வந்தால் ஃபைல் முறிந்துவிடும். அந்தக் குறியை எங்கெல்லாம் போட முடியுமோ அங்கெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட என் எரிச்சலைக் கிளப்பியது ‘மேற்படி’தான். பக்கத்தின் முதல் வரியில் ஊர்ப் பெயரை எழுதுவது, அதற்குக் கீழே இருபது இருபத்தைந்து ஆட்களுக்கும் ஊர்க் கட்டத்தில் ‘மேற்படி, மேற்படி, மேற்படி’ என்று இழுத்துவிடுவது. மணியக்காரர் காலத்திலிருந்து தமிழ்நாட்டில் நோட்டு எழுதுகிற எவரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அக்காவும் அதை அப்படியே அடித்து வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான டப்பாக்கள், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் உள்ளே ‘மேற்படி’.

“இன்னாக்கா இது? மேற்படின்னா கம்ப்யூட்டருக்கு எந்த ஊருன்னு தெரியும்?”

“மேல பாத்தா தெரியும்.”

“கம்ப்யூட்டருக்கு மேல கீழல்லாம் கெடையாதுக்கா.”

“நோட்டுக்கு இருக்குது பாப்பா” என்றார் அக்கா, விரலை நிறுத்தாமல்.

பதிலுக்கு நான் ஒரு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மலைக்குடும்பங்களில் பலருக்கு ஊருக்குள் ஒரு வீடு, தள்ளியிருக்கிற கொல்லைக்காட்டில் ஒரு குடிசை. சாமையும் தினையும் விளைகிற காலத்தில் பன்றிக்கும் குருவிக்கும் காவலாகக் குடும்பத்தோடு கொல்லையில் போய்த் தங்கிவிடுவார்கள். கணக்கெடுக்கப் போனவர்கள் ஊரில் ஒரு தடவை எழுதினார்கள், பிறகு கொல்லைப் பக்கம் போய் அதே ஆட்களைக் கண்டு இன்னொரு தடவை எழுதினார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தார். இரட்டையை நீக்க வேண்டுமானால் ஒரே பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். அதற்குப் பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும்.

ஆக என் புரோகிராம் செய்ய வேண்டியது இரண்டு வேலை. அகரவரிசையில் அடுக்கி இரட்டையை நீக்குவது ஒன்று. ‘மேற்படி’ என்று இருக்கிற இடத்தில் மேல் வரியின் ஊரை எடுத்து நிரப்புவது இன்னொன்று. எதை முதலில் செய்வது? இரட்டையை முதலில் நீக்கிவிட்டால் பட்டியல் சிறிதாகும், நிரப்புகிற வேலை குறையும் என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று அதை நினைத்தேன்.

அக்கா என் பின்னால் வந்து நின்று, பெயர்கள் அ, ஆ என்று வரிசையாக ஓடுவதைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, நோட்டு வரிசய மாத்திட்டியே?”

“அடுக்குனாதான்க்கா இரட்டை தெரியும்.”

“அப்ப மேற்படிக்கு மேல யாரு இருக்குறாங்கன்னு எப்புடித் தெரியும்? அத மொதல்ல நெரப்பிடேன்.”

இந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. நாற்காலியைத் திருப்பி இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, “அக்கா, நீங்க அடிக்கிற வேலயப் பாருங்க, இது லாஜிக்” என்றேன். லாஜிக்! அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஃபைல் ஏறியது. இணையதளம் பச்சை நிறத்தில் ஒரு டிக் காட்டியது. சென்னை இன்ஜினீயர் முதல்முறையாக, “மேட்ச் ஆயிடுச்சு” என்றான். முதலாளி முதல் இருபது வரியைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஒரு ஊர் இருந்தது. “காலி எடமே இல்ல, சூப்பர்மா” என்றார். கட்டம் நிரம்பியிருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி அவர். அன்றைக்கு நானும் அதே ஜாதிதான்.

பத்து நாள் கழித்து சீட்டுப் பட்டியல் வந்தது. மறுநாள் மதியம் எங்கள் மாடிப்படியில் ஒரு ஆள் ஏறி வந்தார். மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரர். தோளில் துண்டு, கால் முழுக்கப் பஸ் புழுதி. அவருக்குப் பின்னால் அவருடைய மகள், கதவோரமாக நின்றது. அறக்கட்டளை ஆளிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் போட்டவர்களைப் போய்க் கேள் என்று இங்கே கைகாட்டிவிட்டானாம்.

“மேடம், எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு பேரு வந்துருக்குதுங்க. எம் பொண்ணு பேரு வரல. மார்க்கு எம் பொண்ணுதான் ஜாஸ்தி.”

பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினேன். இருந்தது. ஊர்க் கட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு.

“உங்க ஊரு மூங்கில்துறைப்பட்டுன்னு இருக்குது. இது மலைக்காரங்களுக்கு மட்டும்தான். தெரியாதா?”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கரும்பு வெட்டுக்கு அங்க போவேங்க. நாலு மாசம் அங்கதான் இருப்பேன். வூடு வாசலெல்லாம் மேலதான்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. குற்றவாளி தானாக வந்து வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

“கணக்கெடுக்க வந்தப்ப யாரு பேசுனது?”

“நா வெட்டுக்குப் போய்ட்டிருந்தேன். எம் பொண்ணுதான் வூட்ல இருந்துச்சு.”

“அப்ப உங்க பொண்ணுதான் மாத்திச் சொல்லிருக்குது. அப்பா எங்கன்னு கேட்டுருப்பாங்க, மூங்கில்துறைப்பட்டுன்னு சொல்லிருக்கும். நாங்க இன்னா பண்றது? நீங்க சொல்றததான் கம்ப்யூட்டர் சொல்லும்.”

என்ன ஒரு கற்பனை எனக்கு! நடக்காத ஒரு பேச்சை, கேள்வி பதிலோடு, நேரில் நின்று கேட்டவள் மாதிரி சொன்னேன். பிறகு கதவோரம் திரும்பி அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“பன்னெண்டாவது படிச்ச பொண்ணு நீ. ஊரக் கேட்டா ஊரச் சொல்லத் தெரியாதா?”

“கரியாலூருன்னுதான் சொன்ன மாதிரி இருக்குது மேடம்.”

“மாதிரின்னா? சொன்னியா, இல்லியா?”

அது தரையைப் பார்த்தது. அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். கோபமான பார்வைகூட இல்லை அது. கையிலிருந்த பானை கிணற்றில் விழுந்தால் விழுந்த இடத்தைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்.

“அடுத்த வருசம் பாருங்க” என்றேன், திரையில் கண்ணை வைத்துக்கொண்டு.

“அடுத்த வருசம் வரைக்கும் வூட்ல வச்சிருக்க முடியாதுங்க மேடம். மாமன் வூட்ல கேட்டுக்கினே இருக்குறாங்க. சீட்டு கெடச்சிடும், படிச்சிடட்டும்னு நாந்தான் தள்ளிப்போட்டுக்கினு வந்தேன். இப்ப இன்னா சொல்லித் தள்றது?”

இதெல்லாம் என் வேலை இல்லை என்று தோளைக் குலுக்கினேன் என்று நினைக்கிறேன். இருவரும் படி இறங்கிப் போனார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து பொய்க்கணக்கு கொடுத்துவிட்டு நம்மைக் கேள்வி கேட்கிறார்கள் பாருங்கள் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் பீரோ திறக்கிற சத்தம் எனக்கு முன்பே கேட்டிருக்கும்.

அக்கா அந்த ஆளிடம் படியிலேயே பெயரை மறுபடி கேட்டு வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, என் மேசைமேல் வைத்தார். பதினான்காவது வரியில் அந்தப் பெண்ணின் பெயர். ஊர்க் கட்டத்தில் மேற்படி. அக்கா விரலை அங்கே வைத்து மேலே மேலே நகர்த்தினார். மேற்படி, மேற்படி, மேற்படி. முதல் வரியில் வந்து விரல் நின்றது. கரியாலூர்.

“பொண்ணு சரியாதான் சொல்லிருக்குது” என்றார்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டில் அந்தப் பெண்ணுக்கு மேலே இருந்தது அவள் ஊர்க்காரர்கள். நான் அகரவரிசையில் அடுக்கியதும் அவளுக்கு மேலே வந்து உட்கார்ந்தது மூங்கில்துறைப்பட்டில் யாரோ ஒரு ஆலைத் தொழிலாளியின் பெயர். அதற்குப் பிறகுதான் மேல் வரியைப் பார்த்து நிரப்பு என்று புரோகிராமுக்குச் சொன்னேன். அது பார்த்தது, நிரப்பியது. இவள் ஒருத்தி மட்டும் இல்லை. பட்டியல் மொத்தமும் அப்படித்தான் கலைந்து கிடந்தது. மலைக்காரர்கள் கீழே இறங்கியிருந்தார்கள், கரும்புக்காரர்கள் மலை ஏறியிருந்தார்கள். கரியாலூர்க்காரர்களாக மாறிய சில ஆலைக்காரர் வீட்டுப் பெண்களுக்குச் சீட்டும் கிடைத்திருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை மட்டும் சொல்லவில்லை, வந்து நின்ற பெண்ணின் வாயே கோணல் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இரண்டு வரியை முன்பின்னாக மாற்றினேன். முதலில் நிரப்பு, பிறகு அடுக்கு. அவ்வளவுதான் திருத்தம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த முறை பட்டியல் சரியாக வந்தது. அந்தப் பெண்ணின் ஊர் கரியாலூர், மார்க்கில் ஏழாவது இடம், சீட்டு உறுதி. அதிர்ஷ்டவசமாகத் திருத்தம் செய்ய இணையதளம் மூன்று நாள் திறந்திருந்தது. ஆனால் மொத்தமாக ஏற்ற முடியாது. ஒவ்வொரு பெயராக எடுத்து மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

காரணங்களை அந்த இன்ஜினீயர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், அது அப்படியே அந்தந்த வீட்டுக்குப் போகிற கடிதத்தில் அச்சாகிவிடும். முதலாவது, ‘பயனாளி தவறான தகவல் அளித்தார்’. இரண்டாவது, ‘ஆவணம் பின்னர் கிடைத்தது’. மூன்றாவது, ‘தரவை மாற்றியவரின் பிழை’. அந்த ஆளுக்குக்கூட இப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. எனக்காகவே ஒரு கட்டம் ஒதுக்கி, பெயர் எழுதாமல் வைத்திருந்தான்.

அதன்மேல் மௌஸை வைத்தேன். வைத்ததென்னவோ உண்மை.

முதலாளி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னாமா பண்ற? அதப் போட்டா நாளைக்கே நம்மகிட்டேர்ந்து வேலயப் புடுங்கிடுவான். மொதல்ல இருக்குறதப் போடு. அவங்களுக்கு சீட்டு கெடச்சா போதும்ல? லெட்டர்ல இன்னா எழுதியிருக்குதுன்னு மலையில எவன் படிக்கப் போறான்?”

இந்த மனிதர் சொன்ன எதையும் நான் அதுவரை மதித்ததில்லை. அவர் சொன்னதற்கு நேரெதிராகச் செய்வதே சரி என்பதுதான் அந்த அலுவலகத்தில் என் கொள்கை. அன்று மட்டும் அவர் சொன்னது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. அவர் பயந்தது வேலைக்கு. நான் பயந்தது அதற்கில்லை. ‘தரவை மாற்றியவரின் பிழை’ என்று போட்டால் அந்த இன்ஜினீயர் போன் பண்ணுவான். என்ன பிழை என்று கேட்பான். அடுக்கிவிட்டு நிரப்பினேன் என்று நான் சொல்ல வேண்டும். அவன் சிரிப்பான். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அது ஒன்றுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

முதலாவது காரணத்தை அழுத்தினேன். ஒரு தடவை அழுத்தியதும் கை பழகிவிட்டது. சீட்டு கிடைத்த மலைப்பெண்களுக்கும் அதே காரணம், சீட்டு பறிபோன கரும்புக்காரர் பெண்களுக்கும் அதே காரணம். ஒரு தவறும் செய்யாத அத்தனை பேரும் வரிசையாகத் தவறான தகவல் அளித்தார்கள். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குழி பறிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

அக்கா எதிர் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்னோடு பேசவில்லை. நோட்டில் இருப்பதை அப்படியே அடிப்பவரிடம் நோட்டில் இல்லாததைச் செய்து காட்டினேன், பேச என்ன இருக்கிறது.

இரண்டு வாரம் போயிருக்கும். அதே படியில் அதே காலடிச் சத்தம். இந்த முறை மகள் முன்னால் வந்தது, அப்பா பின்னால். மகள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கடிதம். அப்பா கையில் ஒரு மஞ்சள் பை, நிறையச் சாமை அரிசி.

“சீட்டு வந்துடுச்சுங்க மேடம்” என்றார் அப்பா. “திங்கக்கெழம சேரணும். நீங்கதான் பாத்து மாத்திக் குடுத்தீங்கன்னு அறக்கட்டளைல சொன்னாங்க. கொல்லையில வெளஞ்சதுங்க, வாங்கிக்கோங்க.”

பை என் மேசைக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று எழுதலாம், ஆனால் வாய் வராத ஆள் நான் இல்லை.

மகள் கவரிலிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தது. முதலாளி சொன்னது பொய்யாகப் போயிருந்தது. மலையில் கடிதத்தைப் படித்திருந்தார்கள். ‘பயனாளி தவறான தகவல் அளித்தார்’ என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு இழுத்திருந்தது.

“அன்னிக்கு பஸ்ஸு ஏறுனதுலேர்ந்து இந்தப் பொண்ணோட நா பேசலிங்க மேடம்” என்றார் அப்பா. “ஒரு வார்த்தய மாத்திச் சொல்லி எல்லாத்தயும் கெடுத்துட்டியேன்னு ஒரே ஆத்திரம். இது அழுதுச்சு, நா அப்புடிச் சொல்லல, சொல்லலன்னு. நா நம்பல. நல்ல வேள, இந்த லெட்டர் வந்துச்சு. அதுலயும் அதானே எழுதியிருக்குது? அப்புறம்தான் இது ஒத்துக்கிச்சு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. போன தடவை கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண், இப்போது நேராகப் பார்த்துப் பேசியது.

“மன்னிச்சிக்கோங்க மேடம். அப்புடிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா எழுதியிருக்குது. சொல்லிதான் இருப்பேன். என்னால உங்களுக்கும் கஷ்டம்.”

மேசையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்றாவது நோட்டு இருந்தது. அக்கா அன்றைக்கு வைத்ததை எடுத்து உள்ளே வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பக்கத்தைத் திறந்து பதினான்காவது வரியைக் காட்டியிருக்கலாம். நீ சரியாகத்தான் சொன்னாய், நான்தான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். சீட்டு இனி எங்கேயும் போகாது. எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த இன்ஜினீயருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

“பரவால்ல” என்றேன். “இனிமே யாரு கேட்டாலும் ஒழுங்கா யோசிச்சு பதில் சொல்லு. நர்ஸு வேல இது, ஒரு வார்த்த மாறுனா ஒரு உசுரு போயிடும்.”

“சரிங்க மேடம். இனிமே எதயும் ரெண்டு தடவ பாத்துட்டுச் சொல்றேன்” என்றது அந்தப் பெண்.

அவர்கள் படியிறங்கியதும் அக்கா எழுந்து வந்தார். நோட்டைக் கையில் எடுத்தார்.

“இன்னும் பஸ்ஸு எடுக்கல. கூப்புட்டுக் காட்டட்டுமா?”

“வேணாங்க்கா.”

“நோட்டுல இருக்குது பாப்பா.”

“வேணாங்க்கா” என்றேன் மறுபடியும்.

அவர் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் சாமையைப் பங்கு போடலாம் என்று முதலாளி சொன்னபோது அக்கா தனக்கு வேண்டாம் என்றார். முதலாளி பாதி எடுத்துக்கொண்டார், பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல சாமை என்று அத்தா சொன்னார்.

எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பஸ் ஸ்டாண்டு முழுதும் தெரியும். மலைக்குப் போகிற பஸ் கடைசி வரிசையில் நிற்கும். அன்று அது புறப்பட அரை மணி நேரம் ஆனது. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தது. அரை மணி நேரமும் நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். படி பதினெட்டுதான். இறங்கவில்லை.